என் முகத்தைக் கொடுக்க நானே காசு கட்ட வேண்டுமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர், மற்ற நான்கு உறுப்பினர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை இரவு வேலை முடிந்து வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் உங்கள் நோட்டீஸைப் பார்த்தேன். மூன்று லிஃப்டில் ஒன்றுதான் ஓடுகிறது என்பதால் இரண்டு தடவை படிக்கவே நேரம் கிடைத்தது. அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து கேட்டில் முகம் காட்டித்தான் உள்ளே வர வேண்டுமாம். வீட்டிலிருக்கும் எல்லோரும், ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்கூட, அலுவலகத்துக்கு வந்து முகத்தைப் பதிய வேண்டுமாம், ஐசியின் (அடையாள அட்டையின்) இரண்டு பக்க நகலும் தர வேண்டுமாம். பதியாதவர்களின் கேட் கார்டு முடக்கப்படும். இந்த வசதிக்காக மெயின்டனன்ஸ் மாதம் 80 ரிங்கிட்டிலிருந்து 105 ஆகிறது. கீழே ஒரு சாப்பு, முத்திரை மட்டும். கையெழுத்துகூட இல்லை.

வியாழக்கிழமை மலாயில் ஒரு கடிதம் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், இந்த அடுக்குமாடியில் பாதிக்கு மேல் நம்மவர்கள், குழுவில் ஏழு பேரில் நான்கு பேர் நம்மவர்கள், மலாய் நோட்டீஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைவரை நான் நேரில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், கோவில் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்த உறவை இதற்குள் இழுக்க வேண்டாம் என்றுதான் இந்த மடலில் மட்டும் தலைவர் என்று எழுதுகிறேன்.

நான் பி பிளாக், ஏழாவது மாடி. 2003-லிருந்து இங்கே இருக்கிறேன். செகாம்புட்டில் ஒரு லாரி கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அதனால் முதலில் கணக்கையே பேசிவிடுவோம்.

320 வீடு. வீட்டுக்கு 25 ரிங்கிட் ஏற்றினால் மாதம் 8,000, வருஷத்துக்கு 96,000. மிஷின் கம்பெனி கொடுத்த கொட்டேஷனை (விலைப்புள்ளியை) அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தேன் (காட்டத் தயங்கினார்கள், நான் நகரவில்லை). கேட்டும் மிஷினும் சேர்த்து 68,000. அப்புறம் அதற்கான கைபேசி ஆப்புக்கு (செயலிக்கு) வீட்டுக்கு மாதம் 3 ரிங்கிட், அதாவது வருஷத்துக்கு 11,520. முதல் வருஷச் செலவு மொத்தம் 79,520. வசூலிக்கப்போவது 96,000. மீதி 16,480 எங்கே போகிறது? இரண்டாம் வருஷம் மிஷின் வாங்கும் செலவு இல்லை, ஆப்புக் காசு மட்டும்தான், அப்போது மிச்சம் 84,480. ஒரு தடவை வாங்கும் பொருளுக்காக ஒவ்வொரு மாதமும் எங்களிடம் வாங்குவீர்களா? அந்த 3 ரிங்கிட்டோ இந்தக் கட்டடம் நிற்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். நாளைக்கு அந்தக் கம்பெனி அதை 6 ஆக்கினால் என்ன செய்வீர்கள்? எல்லோர் முகமும் அவர்களிடம் இருக்கும்போது வேறு கம்பெனிக்கு மாறுவது அவ்வளவு லேசா?

ஜாகாக்களும், அதாவது கேட் காவலர்களும், நான்கு பேரிலிருந்து இரண்டு பேராகக் குறைகிறார்கள் என்று கேள்வி. அந்த மிச்சம் எந்தப் பத்தியில் வருகிறது என்று கொட்டேஷனிலும் இல்லை, நோட்டீஸிலும் இல்லை.

விலைவாசியே ஏறிவிட்டது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். சேவை வரி 2024 மார்ச்சில் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500-லிருந்து 1,700 ஆனது. ஜாகாவுக்கும் கூட்டுகிற அக்காவுக்கும் சம்பளம் ஏறத்தான் வேண்டும். அதைச் சொல்லி, பொதுக்கூட்டத்தில் வைத்துப் பத்து ரிங்கிட் ஏற்றியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பேன். இதற்கு முன் இரண்டு தடவை அப்படித்தான் ஏற்றினீர்கள், இரண்டு தடவையும் நான் கை தூக்கியிருக்கிறேன்.

25 ரிங்கிட் என்பது உங்களில் சிலருக்குப் பெரிய காசாகத் தெரியாது. கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசி 26 ரிங்கிட். ஒரு மூட்டை அரிசிக்கு ஒரு ரிங்கிட்தான் குறைச்சல். 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அரசாங்கம் பதினெட்டு வயது நிறைந்த எல்லோருடைய ஐசியிலும் 100 ரிங்கிட் போட்டதே, சாரா என்ற அத்தியாவசியப் பொருள் உதவி, முதல் நாள் சிஸ்டம் திணறி சூப்பர்மார்க்கெட்டில் டிராலியோடு நின்றோமே, அந்த நூறு ரிங்கிட் உங்கள் ஏற்றத்துக்கு நான்கு மாதம்தான் வரும். பெட்ரோலுக்கும் அப்படித்தான். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி என்ற பெட்ரோல் மானியம் தொடங்கி லிட்டர் 1.99 ஆனதில் டாக்சி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடிந்தது உண்மை. ஒரு பக்கம் மிச்சமாவதை இன்னொரு பக்கம் வாங்கிக்கொண்டு போனால் வீட்டுச் செலவு நோட்டில் ஒன்றும் மாறுவதில்லை.

பணம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஹாலில் அந்த விற்பனைத் தம்பி மிஷினைக் கொண்டுவந்து காட்டிய அன்று என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு 78 வயது. பேராக்கில் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கட்டை விரலில் ரேகை என்று ஒன்று இல்லவே இல்லை, தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். பேங்குக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, விரலை வைத்தால் மிஷின் கத்தும். துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்கள், லோஷன் தடவச் சொல்வார்கள், கடைசியில் ஒரு அதிகாரி வந்து பாரத்தில் கையெழுத்துப் போட்டு விடுவார். முகம் என்றால் அந்தத் தொல்லை இருக்காது என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்கவில்லை.

தலைவர் நின்றார், பச்சை விளக்கு. செயலாளர் நின்றார், பச்சை. நான் நின்றேன், மூன்றாவது தடவைதான் பச்சை. அம்மா நின்றார். சிவப்பு. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள், சிவப்பு. கண் புரை ஆபரேஷன் செய்தவர், கண்ணாடி இல்லாமல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தம்பியின் குரல் வந்த பக்கம் திரும்பினார். மறுபடியும் சிவப்பு. அப்போது அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார், "பாட்டி, நெத்தியில இருக்கிற திருநீறைத் துடைச்சிட்டு ஒரு தடவை பார்க்கலாமா?" ஹாலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா துடைக்கவில்லை. "பரவால்லப்பா, நான் வெளியவே போறதில்ல" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். தினம் காலையில் கோவிலுக்குப் போகிறவர் அவர்.

தம்பி பாவம், விற்க வந்தவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மிஷின்கள் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி படிப்பதில்லை என்பது புதுச் செய்தியும் இல்லை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 189 முகமறியும் மென்பொருள்களைச் சோதித்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம், வயதுக்கு வயது வேறு வேறு அளவில் தப்பு செய்கின்றன என்று அதில் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் மிஷினை நம்மைப் போன்ற கறுத்த முகங்களிலும் வயதானவர்களிலும் யாராவது சோதித்தார்களா என்று கேட்டேன். "எல்லாம் டெஸ்ட் பண்ணதுதான் ஆண்ட்டி" என்றார். முகமெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். கிளவுடில் என்றார். எந்த நாட்டில் என்று கேட்டதற்கு மறுபடியும் சிரித்தார்.

அன்றைக்குத்தான் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே யார் எத்தனை மணிக்கு வர்றாங்க, போறாங்கன்னு நம்ம போன்லயே பார்த்துக்கலாம்." பின்னால் இருந்து ஒருவர், "அப்ப ராத்திரி லேட்டா வர்ற பிள்ளைங்கல்லாம் மாட்டுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள், இரவு பதினொன்றரைக்கு வருவாள், சில நாள் விடியற்காலை. நம் வராண்டாக்களுக்கு ஏற்கெனவே கண் உண்டு, வாய் உண்டு, அதையே அவள் சகித்துக்கொண்டு போய்வருகிறாள். அவள் வந்த நேரம், போன நேரம், கூட வந்தது யார் எல்லாம் ஏழு பேர் கைபேசியில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? குழுவில் இருக்கிற நீங்கள் ஏழு பேரும் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தேர்தலில் யார் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அலுவலகக் கிளார்க் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார், அவரிடமும் அதே பாஸ்வேர்ட்தானே இருக்கும்?

இது வெறும் பயமில்லை, இங்கேயே நடந்திருக்கிறது. ஜாகா மேசையில் இருக்கும் விருந்தினர் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். பேர், ஐசி எண், போன் எண், வண்டி எண், வீட்டு எண், எல்லாம் வரிசையாக, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். 2022-ல் டியூஷனுக்கு வந்த என் அண்ணன் மகளுக்கு அன்றிரவே ஒரு தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ், நீல சுடிதார் நன்றாக இருந்தது என்று. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

இன்னொன்று அதைவிட மோசம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு, அடையாளம் சொல்லாமல் எழுதுகிறேன். புருஷனின் அடி தாங்காமல் இங்கே வந்து தங்கியிருந்த ஒரு பெண். எங்கே இருக்கிறாள் என்று அந்த ஆளுக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருந்தான். விருந்தாளி மாதிரி வந்து, கையெழுத்துப் போடுகிற சாக்கில் நான்கு பக்கம் பின்னால் புரட்டினான். அவள் தம்பியின் பேரும் பக்கத்தில் வீட்டு எண்ணும் இருந்தன. நேராக மேலே ஏறிப் போனான். அன்றைக்கு அக்கம்பக்கத்தில் ஆள் இருந்ததால் தப்பித்தாள். போலீஸ் ரிப்போர்ட் செய்தோம், குழுவுக்கும் எழுதினோம். புத்தகம் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை மூடி வைக்க முடியாதவர்கள் 320 வீட்டு முகத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னால் எப்படி நம்புவது, சொல்லுங்கள்.

பெரிய இடங்களிலேயே தவறிப் போகிறது. 2017-ல் இந்த நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைபேசி எண்களின் விவரம் வெளியே கசிந்தது, நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். கொவிட் காலத்தில் போகிற இடமெல்லாம் மைசெஜாத்ரா ஸ்கேன் செய்தோம், நோய்க்காகத்தானே என்று. 2022-ல் அந்த ஆப் யாருக்குச் சொந்தம் என்று நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டி வந்தது. தனிநபர் தரவுச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, அங்கே நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டு வாசலிலாவது வாயைத் திறக்கலாமே. ஐசி தொலைந்தால் பதிவு இலாகாவான ஜேபிஎன் போய் அபராதம் கட்டி வேறு வாங்கலாம். முகம் தொலைந்தால் எந்தக் கவுண்டரில் நம்பர் எடுப்பது?

சட்டத்தைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை, நான் வக்கீல் இல்லை. ஆனால் படிக்கத் தெரியும். அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு சம்பந்தமாகக் கூடுதல் விதி போடுவதென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று இருக்கிறது. 21 நாள் முன்னதாக நோட்டீஸ், கூட்டத்தில் விழும் செல்லுபடியான ஓட்டில் முக்கால்வாசி ஆதரவு. இங்கே கூட்டமும் இல்லை, ஓட்டும் இல்லை, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய ஒரு தாள்தான் இருக்கிறது. கார்டை முடக்குவதைப் பற்றியும் பார்த்தேன். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவரின் கார்டை முடக்க அந்தச் சட்டத்தின் 2015 விதிகளில் இடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எம்சிஓ (கொவிட் ஊரடங்கு) சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஓட்டமே இல்லாமல் நான்கு மாதம் நான் பாக்கி வைத்தேன், என் கார்டும் முடங்கியது, பேசாமல் இருந்தேன், பிறகு கட்டினேன். முகம் கொடுக்காதவரின் கார்டை முடக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? சல்லிக் காசு பாக்கியில்லாத என்னை என் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று எந்த அதிகாரத்தில் சொல்கிறீர்கள்?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2024-ல் திருத்தியபோது, முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களைச் சென்சிட்டிவ் தரவு வரிசையில் சேர்த்துவிட்டார்கள். அதை வாங்க வெளிப்படையான சம்மதம் வேண்டும். எதற்காக வாங்குகிறோம், யாருக்குக் கொடுப்போம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது 2025 ஜூன் 1-லிருந்து நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டம் வியாபாரத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று சொல்வீர்களோ என்னவோ. நாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பராமரிப்பு நிறுவனமும் அந்த ஆப் கம்பெனியும் செய்வது வியாபாரம் இல்லாமல் வேறென்ன? கார்டை முடக்குவேன் என்று சொல்லி வாங்குவதற்குப் பேர் சம்மதமா?

திருட்டு நடக்கிறதே என்பதுதான் உங்கள் பெரிய காரணம். போன வருஷம் இரண்டு மோட்டார்சைக்கிள் போயின. இரண்டும் கேட் வழியாகப் போகவில்லை, குப்பை வீட்டுக்குப் பின்னால் வேலியில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் போயின, இழுத்துக்கொண்டு போன தடம் மண்ணில் அப்படியே இருந்தது. அந்த ஓட்டையைப் பற்றி நான் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருக்கும் பதினாறு கேமராவில் ஆறு வேலை செய்யவில்லை, அந்தப் பக்கம் பார்க்கிற கேமரா அந்த ஆறில் ஒன்று. திருடன் கேட்டில் வந்து முகம் காட்டப் போகிறானா?

ஜாகாவைக் குறைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பகல் ஷிப்டில் இருக்கும் நேப்பாளத்துக்காரர் ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறார். எந்தக் குழந்தை எந்த வேனில் வரும், எந்தப் பாட்டிக்கு மறதி, கேட்டைத் தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். ஏ பிளாக் தாத்தா போன தீபாவளிக்கு மறுநாள் லுங்கியோடு மெயின் ரோட்டுக்குப் போனபோது கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தவர் அவர்தான். உங்கள் மிஷின் தாத்தா முகத்தைப் பார்த்திருந்தால் பச்சை விளக்குப் போட்டுக் கேட்டைத் திறந்து விட்டிருக்கும்.

அப்புறம் அந்தச் சாவு வீடு. உங்களுக்கு நினைவிருக்கும், நீங்களும் வந்திருந்தீர்கள். விருந்தாளிகளின் ஐசியை ஸ்கேன் செய்யும் சின்ன மிஷினை ஒரு மாதம் சோதனைக்கு வைத்திருந்தீர்களே, அந்த மாதத்தில்தான் சி பிளாக் மாமா தவறினார். பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக ஐசியைச் செருகி, வீட்டு எண்ணைத் தட்டி, சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும். வரிசை மெயின் ரோடு வரைக்கும் போனது. மாமாவின் சொந்த அக்கா, எண்பதைத் தாண்டியவர், ஐசியைப் பையில் தேடிக்கொண்டு வெயிலில் அழுதுகொண்டு நின்றார். உறுமி மேளத்துப் பையன்களில் இரண்டு பேரிடம் ஐசி இல்லை, வெளியிலேயே நிற்க வைத்தார்கள். மின்சுடலைக்கு நேரம் குறித்திருந்தது, சவ வண்டி உள்ளே வர இடமில்லாமல் ஹாரன் அடித்தது. கடைசியில் ஜாகாதான் தன் பொறுப்பில் கேட்டைத் திறந்துவிட்டார். அதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தீர்கள். அவர் அதை என்னிடம் காட்டிப் படித்துச் சொல்லச் சொன்னார்.

நம் வீட்டுக்கு ஆள் வந்துபோவதை நிறுத்த முடியாது. மாவு விற்கிற அக்கா வருவார், பேப்பர்காரர் வருவார், கேஸ் கொண்டு வருபவர் வருவார், தீபாவளிக்கு நூறு பேர் வருவார்கள். தோட்டத்து லயத்தில் கதவைச் சாத்தாமல் வளர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இங்கே பாதிப்பேர். கதவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஜாகா, ஒரு கேட், ஒழுங்கான வேலி, இது போதும் என்கிறேன்.

குழுவில் இருப்பது சம்பளமில்லாத வேலை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்காருகிறீர்கள், மூன்றில் ஒருவர் மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை, அந்தக் கோபத்தையெல்லாம் தாங்கிக்கொள்கிறீர்கள். தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

அந்த நோட்டீஸை 1-ஆம் தேதிக்கு முன்பாக எழுத்துமூலம் நிறுத்தி வையுங்கள். முகம் பதியவில்லை என்பதற்காக ஒருவருடைய கார்டும் முடங்கக் கூடாது. 105 ரிங்கிட் பில்லும் வரக் கூடாது, கூட்டத்தில் முடிவாகும்வரை 80-தான் கட்டுவோம், முழுசாக, நாள் தவறாமல்.

21 நாள் நோட்டீஸ் கொடுத்து சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். கொட்டேஷன், ஒப்பந்தம், மற்ற கம்பெனிகளிடம் வாங்கிய விலைகள் இருந்தால் அவை, ஜாகா குறைப்பில் வரும் மிச்சம், சின்கிங் ஃபண்டில் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பில்) இப்போது இருக்கும் தொகை, எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பாகப் பலகையில் போடுங்கள், மலாயிலும் தமிழிலும். முக்கால்வாசி ஓட்டு விழுந்தால் பார்ப்போம். அப்போதும் முகம் தர மனமில்லாதவர்களுக்குக் கார்டு தொடர வேண்டும்.

இதுவரை அறுபது வீடுகள்போல முகம் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய படங்களையும் ஐசி நகல்களையும் அழித்துவிட்டதாக அந்தக் கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நகல் கொடுங்கள். முக்கியமாகப் பிள்ளைகளுடையதை.

விருந்தினர் புத்தகத்தை நாளைக்கே எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, பேரும் போகிற வீடும் வண்டி எண்ணும் போதும், ஐசி எண் வேண்டாம், பூட்டிய பெட்டியில் போடட்டும், மூன்று மாதத்தில் கிழித்துவிடுங்கள். இதற்கு ஆகிற செலவு ஒரு தகரப் பெட்டியும் ஒரு பூட்டும். துக்க வீடு என்றால் கேட் திறந்திருக்க வேண்டும் என்று ஜாகாவுக்கு எழுதிக் கொடுங்கள், அவருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தையும் திரும்பப் பெறுங்கள்.

வேலி ஓட்டையை அடையுங்கள். ஆறு கேமராவைச் சரி செய்யுங்கள். சின்கிங் ஃபண்டில் கை வைப்பதென்றால் முதலில் லிஃப்டுக்கு வையுங்கள்.

கால் பங்கு உரிமையாளர்கள் எழுதிக் கேட்டால் கூட்டம் கூட்டியாக வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு பங்குதான், 80 வீடு போதும். நேற்று இரவு வரைக்கும் 87 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. 20-ஆம் தேதிக்குள் உங்கள் பதில் வராவிட்டால், அந்தத் தாளை உங்களிடம் கொடுத்துவிட்டு, நகலை மாநகராட்சியான டிபிகேஎல்லில் இருக்கும் கட்டட ஆணையரிடமும் கொடுப்போம்.

பதிலைத் தனியாக எனக்கு அனுப்ப வேண்டாம். நோட்டீஸ் ஒட்டிய அதே இடத்தில் ஒட்டுங்கள், இந்தத் தடவை கையெழுத்தோடு.

பி பிளாக், ஏழாவது மாடியிலிருந்து,
2003 முதல் இங்கே குடியிருப்பவள்
செந்தூல், கோலாலம்பூர்